ஜப்பானுக்குக் குடும்பத்தோடு: பாக்கெட் வைஃபையா, இ-சிம்மா, ரோமிங்கா?

விசாவும் விமான டிக்கெட்டும் கைக்கு வந்த பிறகு எழும் அடுத்த கேள்வி இணையம். தனியாகப் போகிறவருக்கு அது கால் மணி நேர வேலை. அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை என்று ஐந்து பேர் கிளம்பும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. மொபைல் இணையத்தை வைஃபையாக மாற்றித் தரும் கையடக்க ஹாட்ஸ்பாட் கருவி (பாக்கெட் வைஃபை) ஒன்றை வாடகைக்கு எடுத்து எல்லோரும் பகிர்ந்துகொள்வதா? ஆளுக்கொரு இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே நிறுவும் சிம்) போடுவதா? இருக்கிற இந்திய எண்ணிலேயே ரோமிங் பேக் போட்டுவிடுவதா? இப்படிக் கேட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "எதில் செலவு குறைவு?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: பகல் முழுவதும் நீங்கள் எல்லோரும் சேர்ந்தே இருப்பீர்களா, பிரிந்து பிரிந்து போவீர்களா? பாதி முடிவு அதிலேயே கிடைத்துவிடும்.

உலகம் முழுவதற்கும் பொதுவாகப் பேசினால் யாருக்கும் பயன்படாது. அதனால் ஜப்பானை எடுத்துக்கொள்கிறேன். கையடக்க ஹாட்ஸ்பாட்டை வாடகைக்கு விடுவது அங்கே நன்றாக வேரூன்றிய தொழில். நரிட்டா, ஹனேடா, கன்சாய் விமான நிலையங்களில் அதற்கென்றே கவுன்ட்டர்கள் உண்டு. உதாரணக் குடும்பமாகச் சென்னையிலிருந்து ஐந்து பேரை வைத்துக்கொள்வோம்: கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், தாத்தா, பாட்டி. டோக்கியோ, கியோட்டோ, ஹிரோஷிமா; பத்து இரவுகள்.

## முதலில் அளவுகோல்கள்

பிரிந்து போவீர்களா? ஹாட்ஸ்பாட் கருவியின் வைஃபை, கூட்டத்தில் பத்துப் பதினைந்து மீட்டர் எட்டினால் அதிகம். டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்துக்கு வெளியேறும் வழிகள் மட்டும் இருநூறு வரை உண்டு. ஒரு நாளில் முப்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கடந்துபோகிற இடம் அது. கருவி கணவனின் பையில் இருக்கிறது. மனைவி பாட்டியைக் கழிவறைக்கு அழைத்துப் போகிறார். திரும்பி வரும்போது வேறொரு படிக்கட்டில் ஏறிவிட்டார்கள். அந்த நொடியில் அவர் கையிலிருக்கும் போனில் வரைபடமும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை. வயதானவர்களுடன் போகும் குடும்பங்கள் விலையைப் பார்க்கும் முன் இந்தக் காட்சியை ஒரு முறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

இறங்கிய முதல் ஒரு மணி நேரம். இந்தியாவிலிருந்து இ-விசாவில் போகிறவர்கள் விமான நிலையத்தில் விசா அறிவிப்பை இணையத்தில் திறந்து, போன் திரையில் நேரடியாகக் காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட், பிடிஎஃப், அச்சிட்ட தாள் எதையும் ஏற்பதில்லை என்று ஜப்பானிய வெளியுறவு அமைச்சகம் தெளிவாகவே சொல்கிறது. குடிநுழைவுச் சோதனைக்கு நிற்கும் இடத்தில் இணையம் தேவை; வாடகைக் கவுன்ட்டரோ சுங்கம் தாண்டி வருகைக் கூடத்தில்தான் இருக்கிறது. விமான நிலையத்தின் இலவச வைஃபை கைகொடுக்கும் என்றாலும், இரண்டு மூன்று விமானங்கள் ஒன்றாக இறங்கும் நேரத்தில் அதை மட்டும் நம்பி வரிசையில் நிற்பது மனத்துக்கு நிம்மதி தராது.

நாளுக்கு எவ்வளவு டேட்டா? வரைபடம், வாட்ஸ்அப் செய்தி, படத்தை வைத்து ஜப்பானிய எழுத்தை மொழிபெயர்ப்பது, ரயில் நேரம் பார்ப்பது, இவ்வளவுதான் என்றால் ஒருவருக்கு நாளுக்கு அரை ஜிபி தாராளம். கணக்கைக் குலைப்பது வீடியோ. ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தாலே ஒரு ஜிபியைத் தாண்டிவிடும்.

கையில் என்ன போன்கள்? இ-சிம் வசதி இருக்கிறதா என்று தெரியாவிட்டால், போன் அழைக்கும் திரையில் \*#06# என்று தட்டுங்கள். ஐஎம்இஐ எண்களோடு ஈஐடி என்ற நீண்ட எண்ணும் தெரிந்தால் வசதி உண்டு. ஐபோனில் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் தொடங்கி இந்த வசதி வந்தது. சீனாவில் வாங்கிய ஐபோன்கள் பெரும்பாலானவற்றில் கிடையாது. நம் வீட்டுப் பெரியவர்கள் கையிலிருக்கும் குறைந்த விலை ஆண்ட்ராய்டு போன்களிலும் பொதுவாக இருப்பதில்லை.

இவற்றோடு பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், கருவி தொலைந்தால் இழப்பு எவ்வளவு, வங்கி ஓடிபி இந்திய எண்ணுக்கு வருமா என்ற மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

## வாடகை பாக்கெட் வைஃபை

கிளம்பும் முன் இணையத்தில் பதிவு செய்து, விமான நிலையக் கவுன்ட்டரில் வாங்கிக்கொள்ளலாம். தங்கும் ஹோட்டலுக்கே அனுப்பச் சொல்லவும் முடியும். சிறு பையில் கருவி, சார்ஜர், கேபிள், திருப்பி அனுப்ப முகவரி அச்சிட்ட உறை எல்லாம் இருக்கும். கருவியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லைத் தட்டினால் வேலை முடிந்தது. சிம் மாற்ற வேண்டாம், அமைப்புகளில் நுழைய வேண்டாம். தாத்தாவின் பழைய போன், மகளின் ஐபேட், மடிக்கணினி எல்லாம் ஒரே நேரத்தில் இணையும். இந்த எளிமைக்கு ஈடாக வேறு எந்த வழியையும் சொல்ல முடியாது.

வாடகை பெரும்பாலும் நாளுக்கு 500 முதல் 1,000 யென் வரை. ஆனால் விளம்பரத்தில் தெரியும் அந்த எண்ணோடு கணக்கு முடிவதில்லை. பத்து இரவுப் பயணம் என்றால் வாங்கிய நாளும் திருப்பும் நாளும் சேர்ந்து பதினொரு நாள் வாடகை. நாளுக்கு 700 யென் என்று வைத்தால் 7,700 யென். தொலைந்தாலோ உடைந்தாலோ ஈடுசெய்யும் காப்பீட்டுக்கு நாளுக்கு 300 யென் என்றால் இன்னொரு 3,300. கவுன்ட்டரில் வாங்கும் கட்டணம் 500 என்று சேர்த்தால் மொத்தம் 11,500 யென். யென்னுக்கு 60 காசு என்று போட்டால் 6,900 ரூபாய். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,400 ரூபாய்கூட ஆகவில்லை. இரண்டு பேர் மட்டும் போனால் இதே தொகை ஆளுக்கு 3,450 ரூபாய் ஆகிவிடும். ஆட்கள் கூடக் கூட லாபம் தருகிற வழி இது.

காப்பீடு வேண்டாம் என்று மிச்சம் பிடிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கருவியைத் தொலைத்தால் பல்லாயிரம் யென் கட்டச் சொல்வார்கள். கேபிளுக்கும் பைக்கும்கூடத் தனித்தனி விலை போட்டிருக்கும். திருப்பித் தருவது ஒரு நாள் தள்ளிப்போனால் தாமதக் கட்டணம் வேறு. கவுன்ட்டர்கள் எல்லாம் இரவு முழுவதும் திறந்திருப்பதில்லை. நள்ளிரவில் இறங்குகிறவர்கள் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும்.

"அன்லிமிடெட்" என்ற சொல்லுக்குக் கீழே சிறிய எழுத்தில் என்ன இருக்கிறது என்று கட்டாயம் படியுங்கள். நாளுக்கு இத்தனை ஜிபி வரை முழு வேகம், அதற்கு மேல் 128 கேபிபிஎஸ் என்று வேகத்தைக் குறைப்பது பல திட்டங்களில் வழக்கம். அந்த வேகத்தில் 10 எம்பி கோப்பு ஒன்று இறங்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். வரைபடம் திறக்கவே திணறும்.

பகிர்ந்துகொள்ளும் கருவியில் அந்த வரம்பு எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் தீர்ந்துபோவதற்கு ஒரு காரணம் உண்டு. மொபைல் டேட்டாவில் இருக்கும்போது போன் சிக்கனமாக நடந்துகொள்ளும். ஹாட்ஸ்பாட்டில் இணைந்ததும் அதற்குத் தெரிவது "வைஃபை" மட்டும். வீட்டு வைஃபையில் செய்யும் அத்தனை வேலையையும் தொடங்கிவிடும். எடுத்த படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றும், செயலிகளைப் புதுப்பிக்கும், வீடியோக்களைத் தானாக ஓட்டும். ஐபோனில் 4கே தரத்தில் எடுத்த ஒரு நிமிட வீடியோ, அமைப்பைப் பொறுத்து, 170 எம்பி முதல் 400 எம்பி வரை இருக்கும். ஃபுஷிமி இனாரி கோவிலின் சிவப்புத் தோரண வாயில்களினூடே நடந்தபடி மகள் பத்து நிமிடம் படம்பிடித்தால், அன்று மாலைக்குள் இரண்டு மூன்று ஜிபி யாருக்கும் தெரியாமல் போய்விடும். தடுப்பது எளிது: ஐபோனில் அந்த வைஃபை பெயரைத் தொட்டு "லோ டேட்டா மோட்" போடுங்கள், ஆண்ட்ராய்டில் அந்த இணைப்பை "மீட்டர்டு" என்று குறித்துவிடுங்கள். ஐந்து போனிலும் முதல் நாளே செய்துவிட வேண்டும்.

பொருத்தமானவர்கள்: பகல் முழுவதும் ஒன்றாகவே நடக்கிற, இ-சிம் இல்லாத போன்கள் உள்ள, நான்கு பேருக்கு மேற்பட்ட குழு.

## சொந்தமாக வாங்கிய கருவி

அடிக்கடி வெளிநாடு போகிறவர்களுக்கு வரும் எண்ணம் இது: ஒரு முறை வாங்கிவிட்டால் போகும் இடமெல்லாம் உள்ளூர் சிம்மைப் போட்டுக்கொள்ளலாமே! எண்ணம் சரிதான். ஆனால் இரண்டு இடத்தில் கால் இடறும்.

முதலாவது, பூட்டு. நம் ஊரில் பலர் வீட்டில் கிடக்கும் ஜியோஃபை கருவி ஜியோ சிம்மை மட்டுமே ஏற்கும். அதை எடுத்துப்போய் ஜப்பானிய சிம்மைப் போட்டுப் பயனில்லை. வாங்கும் கருவி எந்த நிறுவனத்தின் சிம்மையும் ஏற்கிறதா என்று பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே உறுதிசெய்ய வேண்டும்.

இரண்டாவது, அலைவரிசை. ஜப்பானில் 3ஜி காலம் முடிந்துவிட்டது. கடைசியாக மிஞ்சிய டோகோமோ நிறுவனமும் அதற்கு 2026 மார்ச் 31 என்று முடிவு நாள் குறித்தது. ஆகவே 4ஜி பேண்டுகள், அதாவது எண்ணிட்டுக் குறிக்கும் அலைவரிசைப் பிரிவுகள், பொருந்துவதே எல்லாம். நகரங்களில் பெரிதும் பயன்படும் பேண்டு 1, 3 இரண்டும் கிட்டத்தட்ட எல்லாக் கருவிகளிலும் உண்டு. மலைப்பக்கமும் கிராமங்களிலும் தூரம் எட்டுகிற தாழ்ந்த அலைவரிசையில்தான் வித்தியாசம்: டோகோமோவுக்கு பேண்டு 19, ஏயூ நிறுவனத்துக்கு 18 மற்றும் 26, சாஃப்ட்பேங்குக்கு 8. ஐரோப்பியச் சந்தைக்குச் செய்த கருவிகளில் 8 இருக்கும், 19 பெரும்பாலும் இருக்காது. அப்படிப்பட்ட கருவியில் டோகோமோ வழியாக இயங்கும் சிம்மைப் போட்டால் டோக்கியோவில் பறக்கும். மலைக்கிராமத்தில் சிக்னல் விழுந்துவிடும். இதே கருவிக்கு சாஃப்ட்பேங்க் அலைவரிசையில் ஓடும் சிம்மைத் தேடி வாங்குவதே சரி. கருவியின் விவரத்தாளில் பேண்டு எண்களைப் படிக்காமல் யாரும் பணம் கட்டக் கூடாது.

சட்டத்தைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். உரிய சர்வதேசத் தரத்தில் செய்த வைஃபை கருவிகளை, ஜப்பானியச் சான்றுக்குறி இல்லாவிட்டாலும், நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து 90 நாள் வரை பயணிகள் பயன்படுத்த அங்கே விதி இடம் தருகிறது. சுற்றுலாவுக்கு இது போதும்.

டேட்டா மட்டும் தரும் சிம் வாங்க அங்கே பெரிய சிக்கல் இல்லை. விமான நிலையத்திலும், பிக் கேமரா, யோடோபாஷி போன்ற பெரிய மின்பொருள் கடைகளிலும் கிடைக்கும். சிம்மைப் போட்ட பிறகு ஏபிஎன் என்ற இணைய இணைப்பு அமைப்பின் விவரத்தை நீங்களே தட்ட வேண்டியிருக்கலாம். அட்டையில் அச்சிட்டிருக்கும் மூன்று நான்கு வரிகள்தான். ஆனாலும் பயணக் களைப்பில் தாத்தா பாட்டியை நிற்க வைத்துக்கொண்டு அதைச் செய்வது எரிச்சலான வேலை.

பேட்டரி இன்னொரு விஷயம். டிபி-லிங்க் எம்7200 போன்ற சிறிய கருவியில் இருப்பது 2,000 எம்ஏஎச் (பேட்டரிக் கொள்ளளவின் அளவு). நெட்கியர் நைட்ஹாக் எம்6 போன்றவற்றில் 5,000க்கு மேல் உண்டு; விலை பல நூறு டாலர். வருடத்துக்கு ஒரு சுற்றுலா போகும் குடும்பம் அவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை.

இங்கே பலர் யோசிக்காத ஒரு வழியைச் சொல்லிவிடுகிறேன். மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனே நல்ல ஹாட்ஸ்பாட். 4,000, 5,000 எம்ஏஎச் பேட்டரி அதில் ஏற்கெனவே இருக்கிறது. பத்துப் போன்கள் வரை இணையலாம். எவ்வளவு டேட்டா செலவானது என்று திரையிலேயே தெரியும். வரம்பு வைத்துத் தானாக நிறுத்தவும் முடியும். ஜப்பானிய டேட்டா சிம் ஒன்றைப் போட்டு, தனியாக ஹாட்ஸ்பாட் வேலைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். பேண்டு எண்களை மட்டும் முன்கூட்டிப் பாருங்கள். புதிதாகக் கருவி வாங்க 6,000, 7,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருப்பவர்கள் முதலில் இதைச் சோதித்துவிட்டு முடிவு செய்யலாம்.

பொருத்தமானவர்கள்: வேலை நிமித்தம் பல நாடுகளுக்கு அடிக்கடி போகிறவர்கள், மடிக்கணினியில் நாள் முழுவதும் வேலை பார்க்கிறவர்கள்.

## சிம் இல்லாத மேக ஹாட்ஸ்பாட்

குளோக்கல்மீ, சோலிஸ் போன்ற கருவிகளில் நீங்கள் சிம் போட வேண்டியதில்லை. கருவி முதலில் உள்ளே இருக்கும் தொடக்க சிம்மைக் கொண்டு நிறுவனத்தின் சர்வரோடு பேசும். நீங்கள் நிற்கும் நாட்டுக்கான சிம் விவரம் அங்கிருந்து கருவிக்கு வந்துசேரும். சென்னையிலிருந்து ஜப்பானுக்கு சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியாகத்தான் பெரும்பாலோர் போகிறார்கள். வழியில் எட்டு மணி நேரம் தங்கினாலும் அந்தக் கருவி அங்கேயும் வேலை செய்யும். ஜப்பானில் வாங்கும் வாடகைக் கருவிக்கு அது முடியாது. கொழும்பிலிருந்து நரிட்டாவுக்கு நேரடி விமானத்தில் போகும் இலங்கை வாசகர்களுக்கு இந்த வசதியால் பெரிய லாபமில்லை.

ஒரு ஜிபிக்கான விலை உள்ளூர் சிம்மைவிடக் கூடுதல் என்பது நேரடிச் செலவு. கருவியின் ஆயுள் அந்த நிறுவனத்தின் சர்வரை நம்பியிருக்கிறது என்பது மறைமுகச் செலவு. ஒரே பயணத்தில் நான்கைந்து நாடுகளைச் சுற்றும் குழுவுக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.

## இ-சிம்: போனே ஹாட்ஸ்பாட்

வீட்டில் உட்கார்ந்தே வாங்கி, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து நிறுவிவிடலாம். விமானம் தரையிறங்கியதும் போனை இயக்கினால் இணையம் வந்துவிடும். முன்பு சொன்ன இ-விசா திரை, முதல் ரயில், ஹோட்டலுக்கு வழி எல்லாவற்றுக்கும் இதைவிட வேகமான விடை கிடையாது. திருப்பித் தர வேண்டியதும் இல்லை, தொலைக்கக் கூடியதும் இல்லை. நம் குடும்பத்தில் கணவன், மனைவி, மகள் மூவருக்கும் தலா 10 ஜிபி, ஒன்று 1,500 ரூபாய் என்று வைத்தால் 4,500 ரூபாய். தாத்தாவும் பாட்டியும் யாரோடு இருக்கிறார்களோ அவருடைய போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்துகொள்வார்கள். மகள் டோக்கியோவின் அகிஹாபரா பகுதியில் தனியாகச் சுற்றப் போனாலும் மற்றவர்களின் இணையம் அறுபடாது.

இதில் மறைந்திருக்கும் செலவுகள் வேறு மாதிரி.

முதலில், அமைப்பு. இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் இயக்கத்தில் இருக்க வேண்டும்; இந்திய சிம்முக்கு அணைத்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே திரையில் அடுத்தடுத்து வருவதால் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். ஐபோனில் "அலவ் செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்" என்று ஒன்று இருக்கிறது. அதை அணைக்காவிட்டால், இ-சிம்மின் சிக்னல் குறையும் இடத்தில் போன் தானாக இந்திய சிம்முக்குத் தாவிவிடும். ரோமிங் பேக் இல்லாத எண்ணில் எம்பிக்கு இவ்வளவு என்று போடும் கட்டணம், ஒரு நாளிலேயே மொத்த இ-சிம் செலவையும் விழுங்கிவிடும்.

இரண்டாவது, ஹாட்ஸ்பாட்டுக்கு அனுமதி. "அன்லிமிடெட்" என்று விற்கும் சில இ-சிம்களில் பிற கருவிகளோடு பகிர்வதற்குத் தடையோ தினசரி வரம்போ உண்டு. பாட்டியின் போனுக்குப் பகிர்வதுதான் திட்டம் என்றால் வாங்கும் பக்கத்தில் அந்த வரியைத் தேடுங்கள். ஜிபி கணக்கில் விற்பவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

மூன்றாவது, பேட்டரி. நாள் முழுவதும் ஹாட்ஸ்பாட்டாக ஓடும் போன் மாலைக்குள் தீர்ந்துவிடும். போன் தீர்ந்தால் இணையத்தோடு டிக்கெட், வரைபடம், கேமரா எல்லாம் சேர்ந்து போகும். பவர் பேங்க் இல்லாமல் இந்த வழியில் இறங்கக் கூடாது. விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது; 100 வாட்-அவர் வரை சிக்கல் இல்லை. தலைக்கு மேலுள்ள பெட்டியில் வைக்காமல் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளுமாறு 2025 ஜூலை முதல் ஜப்பானிய விமானங்களில் கேட்டுக்கொள்கிறார்கள். நகரத்தில் மாட்டிக்கொண்டால் கன்வீனியன்ஸ் கடைகளில் "சார்ஜ்ஸ்பாட்" என்ற வாடகை பவர் பேங்க் கிடைக்கும். ஒரு கடையில் எடுத்து வேறொரு கடையில் திருப்பலாம்.

இன்னும் ஒன்று. பெரும்பாலான இ-சிம்களில் தொலைபேசி எண் இருக்காது. ஒரு முறை நிறுவிய கியூஆர் குறியீடு பலவற்றில் இரண்டாம் முறை வேலை செய்யாது. ஏதோ கோளாறு என்று அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். சில திட்டங்களில் நிறுவிய கணத்திலிருந்தே நாள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள் என்பதால் அதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருத்தமானவர்கள்: தனியாகவோ இருவராகவோ போகிறவர்கள், பிரிந்து பிரிந்து சுற்றும் குடும்பம், இரவில் இறங்குகிறவர்கள்.

## இந்திய எண்ணில் ரோமிங் பேக்

எதையும் நிறுவ வேண்டாம், எண்ணும் மாறாது. உங்கள் டேட்டா பெரும்பாலும் இந்தியா வழியாகவே திரும்பி வருவதால் இந்தியாவுக்குள் மட்டும் திறக்கும் தளங்களும் வங்கிச் செயலிகளும் வழக்கம்போல் வேலை செய்யும். அதே காரணத்தால் கொஞ்சம் தாமதமும் இருக்கும். ஐந்து பேருக்கும் பேக் போட்டால் இந்தப் பட்டியலிலேயே அதிகச் செலவு பிடிக்கும் வழி இதுவாகத்தான் இருக்கும். பேக்கில் குறிப்பிட்ட கூட்டாளி நிறுவனத்தின் அலைவரிசையில் இணைந்தால் மட்டுமே சலுகை என்ற நிபந்தனையும் உண்டு. போன் வேறொன்றில் இணைந்துவிட்டால் கையாலேயே மாற்ற வேண்டும்.

ஆனாலும் குடும்பத்தில் ஒருவருக்காவது இந்திய எண் உயிரோடு இருக்க வேண்டும். ஷின்கான்சென் அதிவேக ரயில் டிக்கெட்டை இணையத்தில் இந்திய கார்டு கொண்டு வாங்கும்போது ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஆனால் சர்வதேச ரோமிங் வசதியை ஊரிலேயே இயக்கியிருக்க வேண்டும். அங்கே போய் இயக்க முயன்றால், அதற்கே ஓடிபி கேட்பார்கள். யுபிஐ செயலியை மறுபடி பதிவுசெய்ய வேண்டி வந்தால் உங்கள் போனிலிருந்து எஸ்எம்எஸ் வெளியே போகும்; அதற்குக் கட்டணம் உண்டு. பேக் இல்லாமல் வரும் அழைப்பை எடுத்தாலும் நிமிடக் கணக்கில் பணம் போகும்.

பொருத்தமானவர்கள்: இரண்டு மூன்று நாள் அலுவலகப் பயணம், செலவை நிறுவனம் ஏற்கிறவர்கள், இந்திய எண்ணுக்கு வரும் அழைப்பைத் தவிர்க்கவே முடியாதவர்கள்.

## ஒரே பார்வையில்

| | வாடகை பாக்கெட் வைஃபை | சொந்தக் கருவி, உள்ளூர் சிம் | மேக ஹாட்ஸ்பாட் | இ-சிம் | ரோமிங் பேக் |
|---|---|---|---|---|---|
| இறங்கியதும் இணையம் | கவுன்ட்டர் தாண்டிய பிறகு | சிம் வாங்கிய பிறகு | உடனே | உடனே | உடனே |
| பிரிந்து போனால் | ஒருவருக்கு மட்டும் | ஒருவருக்கு மட்டும் | ஒருவருக்கு மட்டும் | போட்டவர் எல்லோருக்கும் | போட்டவர் எல்லோருக்கும் |
| ஐந்து பேருக்குச் செலவு | நடுத்தரம் | கருவி இருந்தால் மிகக் குறைவு | அதிகம் | குறைவு முதல் நடுத்தரம் | மிக அதிகம் |
| மறைந்த செலவு | காப்பீடு, தாமதம், இழப்பு | பேண்டு பொருந்தாமை | ஜிபி விலை | தவறான அமைப்பு, பவர் பேங்க் | கூட்டாளி அல்லாத அலைவரிசை, அழைப்புகள் |
| பழைய போன்களுக்கு | மிக எளிது | எளிது | எளிது | பகிர்ந்தால் மட்டும் | எளிது |
| வழியில் தங்கும் நாட்டில் | இல்லை | வேறு சிம் வேண்டும் | உண்டு | பல நாட்டுத் திட்டமானால் உண்டு | பேக்கைப் பொறுத்து |

## நம் குடும்பம் எதை எடுக்கலாம்?

ஐந்து பேருக்கும் நான் சொல்வது கலவையான ஏற்பாடு. கணவனுக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு 10 ஜிபி இ-சிம். மகளுக்கு, அவள் பயன்பாட்டைப் பார்த்து, 20 ஜிபி. கணவனின் இந்திய எண்ணில் ரோமிங் வசதியை மட்டும் இயக்கி, அதன் டேட்டாவை அணைத்து வைத்தால் ஓடிபி வந்துவிடும். தாத்தாவும் பாட்டியும் ஹாட்ஸ்பாட்டில் இணையலாம். எப்போதும் யாராவது ஒருவர் அவர்களோடு இருப்பார் என்பதை மட்டும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று போன்களிலும் இ-சிம் வசதி இல்லையென்றால் வாடகை பாக்கெட் வைஃபைதான் சரி. அப்போதும், பிரிந்து போகும் வாய்ப்புள்ள இன்னொருவர் போனில் ஒரு சிறிய டேட்டா சிம் போட்டுவையுங்கள். எட்டுப் பேர் கொண்ட இரண்டு குடும்பங்கள் சேர்ந்து போனால் பெரிய கருவி ஒன்றைவிடச் சிறிய கருவிகள் இரண்டு எடுப்பது நல்லது. ஒன்றின் பேட்டரி தீர்ந்தால் மற்றொன்று இருக்கும். இரண்டு அணியாகப் பிரியவும் முடியும்.

## வேறு நாடு என்றால் கணக்கு மாறும்

சீனாவில் உள்ளூர் வைஃபையிலும் உள்ளூர் சிம்மிலும் வாட்ஸ்அப், கூகுள் திறக்காது. அங்கே இந்திய ரோமிங்கோ, ஹாங்காங் வழியாகப் போகும் இ-சிம்மோதான் முதல் தேர்வு. டேட்டா வெளிநாட்டு நெட்வொர்க் வழியாகப் போவதால் அந்தத் தடை பொதுவாகப் பாதிப்பதில்லை. துபாயில் உள்ளூர் சிம்மில் வாட்ஸ்அப் செய்தி போகும், வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை உண்டு.

ஐரோப்பாவில் 2017 ஜூன் 15 முதல், ஒன்றியத்தின் ஒரு நாட்டில் வாங்கிய சிம் மற்ற உறுப்பு நாடுகளிலும் நியாயமான பயன்பாட்டு வரம்புக்குள் கூடுதல் கட்டணமின்றி வேலை செய்கிறது. நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் மூன்றும் அந்த ஏற்பாட்டில் உண்டு. சுவிட்சர்லாந்து இல்லை, பிரிட்டனும் இப்போது இல்லை. பாரிஸில் வாங்கிய சிம்மோடு ஜூரிக்கில் உறவினர் வீட்டுக்கு ரயிலேறும் நம்மவர்கள், எல்லையைத் தாண்டும் முன் திட்டத்தில் சுவிட்சர்லாந்து இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். துருக்கியில் 2025இல் பல பன்னாட்டு இ-சிம் விற்பனைத் தளங்களை முடக்கினார்கள். அங்கே போகிறவர்கள் ஊரிலேயே வாங்கி நிறுவிக்கொள்வது நல்லது.

ஜப்பானுக்கு வாடகைக் கருவியோடு போகிறவர்களுக்குக் கடைசி நாள் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. திருப்பி அனுப்பும் உறையை விமான நிலையத் தபால் பெட்டியிலோ கவுன்ட்டரிலோ பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே போட்டுவிடுங்கள். சோதனையைத் தாண்டிவிட்டால் வெளியே வந்து போட வழியில்லை. கருவி உங்களோடு சென்னைக்கு வந்துவிடும், வாடகையும் தாமதக் கட்டணமும் அங்கே ஏறிக்கொண்டே போகும். சார்ஜரும் கேபிளும் ஹோட்டல் அறையின் பிளக்கிலேயே தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உறைக்குள் அவையும் இருக்க வேண்டும்.